துண்டு விழும் பட்ஜெட்: எதை வெட்டலாம், எதைக் கூட்டலாம், எதைத் தொடக்கூடாது

நாட்டு பட்ஜெட்டைச் சரிக்கட்ட ஆளுக்கொரு யோசனை உண்டு. அமைச்சர்களின் கார்களைப் பிடுங்கு, பணக்காரர்களுக்கு வரி போடு, மானியத்தை நிறுத்து, அரசு நிறுவனங்களை விற்றுவிடு. எல்லாமே ஏதோ கொஞ்சம் பணம் தரும். எவ்வளவு தரும், எப்போது கைக்கு வரும், அடுத்த ஆண்டும் வருமா என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இந்த மூன்றில் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் பெரும்பாலான திட்டங்கள் காகிதத்தில் சமன்பட்டு நடைமுறையில் கவிழ்கின்றன.

கணக்குப் போட ஒரு கற்பனை நாடு தேவை. அதன் ஆண்டு மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி, 500. அரசின் செலவு 100, வருவாய் 80, துண்டு விழுவது 20. பழைய கடன் 300. செலவு இப்படிப் பிரிகிறது: வட்டி 20, சம்பளம் 15, ஓய்வூதியம் 10, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 15, மானியம் 12, ராணுவம் 10, சாலை, அணை, ரயில் போன்ற மூலதனச் செலவு 12, மீதி எல்லாம் சேர்ந்து 6. அலகு எதுவானாலும் கணக்கு மாறாது.

சுழி எதற்கு?

பற்றாக்குறையைச் சுழியாக்குவதுதான் இலக்கு என்று பலர் தொடங்குகிறார்கள். இந்த நாட்டில் வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் செலவு 80, வருவாய் 80. முதன்மைப் பற்றாக்குறை இல்லை. 20 முழுவதும் பழைய கடனின் வட்டி. ஜிடிபி விலைவாசியும் சேர்த்து ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் அடுத்த ஆண்டு அது 540. கடன் 320. ஜிடிபியோடு ஒப்பிட்ட கடன் விகிதம் 60 சதவீதத்திலிருந்து 59.3க்கு இறங்கிவிடும், ஒரு பைசா வெட்டாமலே. வளர்ச்சி 4 சதவீதமாகக் குறைந்தால் ஜிடிபி 520, விகிதம் 61.5. பற்றாக்குறை அதே 20தான், ஆனால் ஒன்றில் கடன் கரைகிறது, மற்றதில் ஏறுகிறது. வட்டி விகிதத்துக்கும் (இங்கே 300க்கு 20, அதாவது 6.67 சதவீதம்) வளர்ச்சி விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் பற்றாக்குறையை மட்டும் பார்ப்பது, எடையைப் பார்த்துவிட்டு உயரத்தைக் கேட்காமல் ஒருவரைக் குண்டு என்று சொல்வது போல.

ஆகவே என் இலக்கு சுழி அல்ல. மூலதனச் செலவு 12 இருக்கிறது. முப்பது ஆண்டு பயன்படும் பாலத்துக்குக் கடன் வாங்கலாம், இந்த மாதச் சம்பளத்துக்கு வாங்கக் கூடாது. பற்றாக்குறையை 12க்குள் கொண்டுவந்தால் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை, ஒழிந்துவிடும். அதற்குத் தேவை 8. இந்த இலக்கிலும் ஓர் ஓட்டை உண்டு: பழுதுபார்ப்பையும் பயிற்சிச் செலவையும் 'மூலதனம்' என்று பெயர் மாற்றி எழுதும் ஆசை வந்துவிடும். எது மூலதனம் என்ற வரையறையை நிதித்துறைக்கு வெளியே உள்ள தணிக்கையாளரிடம் விட வேண்டும்.

இனி அந்த 8 எங்கிருந்து வரும் என்று பார்க்கலாம்.

வீண்செலவைக் குறைத்தால் போதுமா?

எல்லாருக்கும் பிடித்த வழி. யாருக்கும் வலிக்காது. பயணப்படி, விளம்பரம், விழா, வாகனம் எல்லாம் அந்தக் கடைசி 6க்குள் அடங்கும். அதில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் 0.6. யானைப் பசிக்குச் சோளப்பொரி. செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்து வலிக்கும் வெட்டுகளைக் கேட்கப் போகும் அரசு முதலில் தன் வீட்டைக் கூட்டிக் காட்டுவது நல்லது. திட்டத்தில் 0.6க்கு மேல் எழுதிவைத்தால்தான் ஏமாற்று.

எல்லாத் துறைக்கும் ஒரே வெட்டு

'ஒவ்வொரு துறையும் 10 சதவீதம் குறைக்கட்டும்' என்ற யோசனை நியாயமாகத் தெரிகிறது. வட்டியை வெட்ட முடியாது. ஓய்வூதியம் சட்டக் கடமை. மாநிலங்களின் பங்கு பல நாடுகளில் அரசியல் சட்டத்தோடு கட்டப்பட்டது. சம்பளத்தை வெட்ட ஆள் குறைய வேண்டும், ஆள் குறைக்க இழப்பீடு கொடுக்க வேண்டும், முதல் ஆண்டில் செலவு கூடத்தான் செய்யும். மிஞ்சுவது மூலதனச் செலவு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினால் போதும், தெருவில் யாரும் இறங்க மாட்டார்கள். சமமாக வெட்டச் சொன்னால் விதைநெல் முதலில் காலியாவது இதனால்தான்.

இதற்கு மாறான முறையைக் கனடா 1994இல் தொடங்கியது. ஒவ்வொரு திட்டத்திடமும் ஆறு கேள்விகள் கேட்கப்பட்டன: இதில் பொதுநலன் இருக்கிறதா, அரசுதான் செய்ய வேண்டுமா, மத்திய அரசா மாகாணமா, தனியாரோடு சேர்ந்து செய்யலாமா, இன்னும் சிக்கனமாக முடியுமா, கடைசியாக, இதற்குக் கட்டுபடியாகுமா. 1995 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பால் மார்ட்டின் அறிவித்த வெட்டு துறைக்குத் துறை வேறுபட்டது. போக்குவரத்துத் துறை ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது, வேறு சில துறைகளை வெட்டு லேசாகத்தான் தொட்டது. 45,000 அளவுக்கு அரசு வேலைகள் குறைக்கப்பட்டன. 1997-98இல் உபரி வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். ஒன்று, அண்டை நாடான அமெரிக்காவில் அப்போது பெரும் வளர்ச்சி. கனடாவின் டாலர் மதிப்பும் குறைவு. உள்நாட்டில் அரசு குறைத்த தேவையை ஏற்றுமதி ஈடுகட்டியது. இரண்டு, வெட்டில் ஒரு பங்கு மாகாணங்களுக்குக் கொடுக்கும் மருத்துவ, கல்வி நிதியில் விழுந்தது. மத்திய அரசின் கணக்கு சமன்பட்டது. சுமையில் ஒரு பகுதி மாகாண மருத்துவமனைகளின் வாசலுக்கு இடம் மாறியது. நம் கற்பனை நாட்டில் மாநிலங்களுக்குப் போகும் அந்த 15ஐ நான் தொடாததற்குக் காரணமும் அதுவே.

மானியம்

12இல் பாதி எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலையைக் குறைத்து வைக்கும் மானியத்தில் அதிகம் எரிப்பவருக்கே அதிகம் கிடைக்கும். இரண்டு கார் வைத்திருப்பவர், சைக்கிளில் போகிறவரைவிடப் பல மடங்கு வாங்குகிறார். பொருளாதார ரீதியில் முதலில் வெட்ட வேண்டியது இது. அரசியலில் முதலில் வெடிப்பதும் இதுதான்.

எப்படி வெட்டுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். நைஜீரியா 2012 ஜனவரி 1 அன்று பெட்ரோல் மானியத்தை ஒரே இரவில் நீக்கியது. லிட்டர் 65 நைரா ஒரேயடியாக இரண்டு மடங்கைத் தாண்டியது. நாடு தழுவிய வேலைநிறுத்தம். இரண்டு வாரத்தில் அரசு பின்வாங்கி 97 நைராவில் நிறுத்தியது. இந்தியா டீசலுக்கு வேறு வழியில் போனது. 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் லிட்டருக்கு 50 பைசா அளவில் ஏற்றியது. ஒவ்வொரு ஏற்றமும் முணுமுணுப்போடு முடிந்தது. 2014இன் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது இடைவெளி மூடிக்கொண்டது, அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் படிப்படியாக ஏறி வந்ததால்தான் அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்த முடிந்தது.

ஈரான் 2010 டிசம்பரில் மூன்றாவது வழியைக் காட்டியது. விலையை ஏற்றும் முன்பே ஒவ்வொருவருக்கும் மாதம் 4,55,000 ரியால் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. விலை ஏறும் நாளில்தான் எடுக்கலாம். மக்கள் முதலில் பார்த்தது கையில் வந்த பணத்தை, பிறகுதான் பம்பில் ஏறிய விலையை. எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. பழுதானது அடுத்த கட்டம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொடுத்ததால் மிச்சமானதைவிடக் கொடுத்தது அதிகமாகிவிட்டது. தொகை அப்படியே உறைந்து நிற்க, பணவீக்கம் அதைத் தின்றது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவு. முதலில் கணக்குத் திறந்து, யார் யாருக்கு என்று பட்டியல் சரிபார்த்து, இரண்டு மாதத் தொகையை முன்கூட்டியே போட வேண்டும். பிறகு சிறு சிறு படிகளாக விலை. படியின் அளவும் தேதியும் முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தேர்தலும் விலையேற்றத்துக்கு ஒரு விடுமுறை ஆகிவிடும். திரும்பக் கொடுக்கும் தொகை விலைவாசியோடு ஏற வேண்டும். நம் நாட்டில் எரிபொருள் மானியம் 6ஐ மூன்றாண்டில் நீக்கி, 3ஐ நேரடியாகத் திருப்பிக் கொடுத்தால் நிகர மிச்சம் 3. உணவு, உர மானியங்கள் இருக்கும் மற்றப் பாதியை இந்தச் சுற்றில் தொடவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு விலை ஏறினால் எந்தத் திட்டமும் தாங்காது.

வரி: விகிதமா, பரப்பா?

மறைமுக வரி, அதாவது பொருளின் விலையோடு சேர்த்துக் கட்டும் வரி, 10 சதவீதம் என்று கொள்வோம். மக்கள் நுகர்வு 300. விலக்குகளும் ஏய்ப்பும் போக, வரிக்குள் வருவது, அதாவது வரிப் பரப்பு, 150. ஆகவே வசூல் 15. விகிதத்தை 12 ஆக்கினால் 18, கூடுதல் 3. விகிதத்தைத் தொடாமல் விலக்குகளைக் குறைத்து 200ஐ வரிக்குள் கொண்டுவந்தால் 20, கூடுதல் 5. ஏழைகளுக்கு ஈடாக 2 திருப்பிக் கொடுத்தாலும் 3 நிற்கும். விகித உயர்வில் ஈடு கொடுத்தால் 3கூட நிற்காது. தவிர, விகிதம் ஏற ஏற ஏய்ப்பதில் லாபமும் ஏறும், வெட்டிச் சுருக்கிய விலக்குப் பட்டியலில் எதை எதனோடு சேர்ப்பது என்ற வழக்குகள் குறையும். நியூசிலாந்து 1986இல் ஜிஎஸ்டியை ஏறக்குறைய விலக்கே இல்லாமல் 10 சதவீதத்தில் கொண்டுவந்தது. 1989இல் 12.5, 2010இல் 15 என்று ஏற்றியபோதும் பரப்பைக் கிழிக்கவில்லை. முன்னதாகவே பரப்பு அகலமாக இருந்ததால் சின்ன உயர்வும் நல்ல வசூல் தந்தது.

விகிதத்தை ஏற்றுவதில் இன்னொரு சிக்கல் நேரம். ஜப்பான் 2014 ஏப்ரலில் நுகர்வு வரியை 5இலிருந்து 8 ஆக்கியது. தேதி தெரிந்ததால் மார்ச் வரை மக்கள் வாங்கிக் குவித்தார்கள், பிறகு கடைகள் காற்றாடின. அடுத்த படியான 10 சதவீதம் இரண்டு முறை தள்ளிப்போய் 2019 அக்டோபரில்தான் வந்தது.

குறைப்பதோ அதைவிட ஆபத்து. இலங்கை 2019 டிசம்பரில் வாட் வரியை 15இலிருந்து 8 ஆக இறக்கியது, பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் வரம்பையும் பல மடங்கு உயர்த்தியது. கொரோனா, சுற்றுலா முடக்கம், வெளிநாட்டுக் கடன் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டன, 2022 ஏப்ரலில் கடன் தவணை நின்றது. வாட் 2024 ஜனவரியில் 18 ஆனது. விகிதத்தை ஒரு அரசாணையில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பட்டியலிலிருந்து வெளியே போன வணிகரைத் திரும்பக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும். வரி குறைப்பின் செலவைக் கணக்கிடுபவர்கள் இதை எழுதுவதே இல்லை.

வருமான வரியில் என் கை போவது சலுகைகள் மீது. சலுகை என்பது கணக்கில் தெரியாத செலவு. ஒருவருக்கு 100 ரூபாய் மானியம் கொடுத்தால் சட்டமன்றம் ஆண்டுதோறும் ஓட்டுப் போட வேண்டும். அதே 100ஐ வரித் தள்ளுபடியாகக் கொடுத்தால் யாரும் கேட்பதில்லை. எல்லாச் சலுகைக்கும் ஐந்தாண்டுக் காலாவதித் தேதி போட்டு, புதுப்பிக்க வாதாட வேண்டிய பொறுப்பைப் பயனாளிகளிடம் விட்டால் 1 தேறும். 'பணக்காரர்களுக்கு மட்டும் வரி' என்ற யோசனையை நான் மறுக்கவில்லை. அதன் வசூல் பங்குச் சந்தையோடு ஆடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் 1998 முதல் 2001 வரையான உபரிக்கு 1990, 1993 பற்றாக்குறைக் குறைப்புச் சட்டங்களின் கட்டுப்பாடு ஒரு காரணம், பங்குச் சந்தை ஏற்றத்தில் கொட்டிய வரி இன்னொன்று. சந்தை இறங்கி, வரியும் குறைக்கப்பட்டதும் உபரி மறைந்தது.

விற்றால்?

ஒரு அரசு நிறுவனம் ஆண்டுக்கு 0.6 லாபப் பங்கு தருகிறது. அதை 10க்கு விற்றுக் கடனை அடைத்தால், 6.67 சதவீத வட்டியில் மிச்சமாவது 0.67. போனது 0.6. நிகர லாபம் 0.07. அதே 10ஐ வருவாயாக எழுதினால் இந்த ஆண்டுப் பற்றாக்குறை பாதியாகத் தெரியும், அடுத்த ஆண்டு முழுசாகத் திரும்பும், 0.6 குறைந்த வருவாயோடு. நிறுவனம் நட்டத்தில் ஓடினாலோ, தனியார் கையில் நன்றாக ஓடும் என்றாலோ விற்கலாம். பட்ஜெட்டுக்காக விற்பதில் பொருளில்லை. நெருக்கடியில் விற்பவனுக்கு விலையும் கிடைக்காது. கிரீஸ் 2011இல் 5,000 கோடி யூரோ இலக்கு வைத்தது. 2015க்குள் வந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் திட்டத்தில் விற்பனைக்கு எழுதியிருப்பது 0.

நோட்டு அடிப்பதற்கும் அதே 0. மேலும் விளக்கம் வேண்டுவோருக்கு, பணவீக்கத்தில் நோட்டே மதிப்பிழந்த 2008இன் ஜிம்பாப்வே இருக்கிறது.

ஓய்வூதியம்: மெதுவானது, பெரியது

இப்போது ஓய்வூதியம் சம்பள உயர்வோடு சேர்ந்து ஏறுகிறது, ஆண்டுக்கு 7 சதவீதம். அதை விலைவாசியோடு, 5 சதவீதத்தோடு, கட்டினால் யாருடைய வாங்கும் சக்தியும் குறையாது. மூன்றாண்டில் மிச்சம் 0.5, பத்தாண்டில் செலவு 17 சதவீதம் குறைவு. இதன் ஆபத்து பிற்பாடு தெரியும்: முப்பதாண்டு விட்டால் முதியோர் வருமானம் உழைப்போர் வருமானத்தைவிட வெகுதூரம் பின்தங்கி, ஒரே தேர்தலில் எல்லாம் திருப்பப்படும். பத்தாண்டு விலைவாசி, பிறகு இரண்டின் சராசரி என்பது தாங்கும்.

ஓய்வு வயதை உயர்த்துவதில் டென்மார்க் முறை நல்லது. ஆயுட்காலத்தோடு வயது கட்டப்பட்டிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அடுத்த படியை உறுதி செய்கிறது, அமலுக்கு வரப் பல ஆண்டு அவகாசம். 2040இல் 70 என்பது 2025இலேயே முடிவானது. இதில் இந்த ஐந்தாண்டுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் எந்த அரசும் செய்ய விரும்புவதில்லை.

எப்போது தொடங்குவது?

இதைத் தவறவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். பொருளாதாரம் தேங்கிக் கிடக்கும் ஆண்டில், வளர்ச்சி சுழி, 5 வெட்டுகிறோம். அரசு செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் உற்பத்தியை 1.5 ரூபாய் குறைத்தால் (இதன் பெயர் பெருக்கம்) ஜிடிபி 492.5. வரி, ஜிடிபியில் 16 சதவீதம் என்ற கணக்கில், 1.2 குறையும், மிச்சம் 3.8தான். கடன் 316.2, விகிதம் 64.2. வெட்டாமலே இருந்திருந்தால் 320க்கு 500, அதாவது 64. வெட்டியும் கடன் விகிதம் ஏறிவிட்டது. நல்ல காலத்தில் அந்தப் பெருக்கம் 0.5 என்றால் இதே வெட்டு விகிதத்தை 63.4 ஆக்கும். பன்னாட்டு நிதியத்தின் (ஐஎம்எஃப்) பொருளியலாளர்கள் ஒலிவியே பிளாஞ்சாரும் டேனியல் லீயும் 2012இல் இதைத்தான் ஒப்புக்கொண்டார்கள்: வளர்ந்த நாடுகளுக்கு 0.5 என்று கொண்ட பெருக்கம் உண்மையில் 0.9 முதல் 1.7 வரை இருந்தது. கிரீஸின் பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

ஆனால் சந்தை கடன் கொடுக்க மறுத்துவிட்டால் காத்திருக்கும் உரிமை போய்விடும். பிரிட்டனில் 2022 செப்டம்பரில் ஈடில்லாத வரி குறைப்பு, சுயேச்சை மதிப்பீடு இல்லாமல் அறிவிக்கப்பட்டது. சில நாளில் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து அரசுப் பத்திரம் வாங்க இறங்க வேண்டியதாயிற்று, மூன்று வாரத்தில் நிதியமைச்சர் போனார். மதிப்பீட்டாளரைத் தவிர்த்ததே சந்தையின் அவநம்பிக்கையைக் கூட்டியது.

பூட்டு

விதிகள் பணம் தராது, வந்த பணம் ஓடாமல் பார்க்கும். சுவிட்சர்லாந்தின் கடன் தடை என்ற அரசியல் சட்ட விதி 2001 வாக்கெடுப்பில் 85 சதவீத ஆதரவு பெற்று 2003இல் அமலானது. நல்ல ஆண்டில் உபரி, மோசமான ஆண்டில் பற்றாக்குறை, சுழற்சி முழுக்கச் சமன் என்பது அதன் அடிப்படை. ஜெர்மனியின் தடை, பற்றாக்குறைக்கு ஜிடிபியில் 0.35 சதவீத வரம்பு, இறுக்கம் மிக்கது. பாலங்கள் பழசாகிப் போக, 2025இல் பாதுகாப்புச் செலவுக்கும் 50,000 கோடி யூரோ கட்டுமான நிதிக்கும் அரசியல் சட்டத்தையே திருத்தி வழி விட்டார்கள். ஸ்வீடன் 1997 முதல் மூன்றாண்டு முன்பே செலவு உச்சவரம்பை நிர்ணயிக்கிறது. எனக்கு இதுவே பிடிக்கிறது. வருவாயைக் கணிப்பது கடினம், செலவை எண்ணுவது எளிது.

எந்த விதியும் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனை மூடாவிட்டால் பயனில்லை. இந்தியாவில் உணவு மானியத்தின் ஒரு பங்கு பல ஆண்டுகள் உணவுக் கழகத்தின் பெயரில் சிறுசேமிப்பு நிதிக் கடனாக நின்றது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அதைக் கணக்குக்குள் கொண்டுவந்ததும் மானியத் தொகை ஒரே தாவலில் வீங்கியது. கிரீஸின் 2009 பற்றாக்குறை, கணக்கு திருத்தப்படத் திருத்தப்பட, ஜிடிபியில் 3.7 சதவீதத்தில் தொடங்கி, 12.5 ஆகி, கடைசியில் 15ஐத் தாண்டியது.

கூட்டினால்

மானியம் 3, மறைமுக வரிப் பரப்பு 3, சலுகைகள் 1, வீண்செலவு 0.6, ஓய்வூதியம் 0.5. மொத்தம் 8.1. தேவை 8. முதல் ஆண்டில் பட்டியலும் வங்கிக் கணக்கும் தயாராகும், மிச்சம் பெரிதாக இராது. இரண்டாம் ஆண்டு விலைப் படிகள், மூன்றாம் ஆண்டு வரிப் பரப்பு, ஓய்வூதியம் உடனே தொடங்கி மெல்லச் சேரும். வளர்ச்சி 2 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டுப் படி தானாக நிற்கும், ரத்தாகாது.

இதில் எனக்கு நம்பிக்கை குறைந்த எண் மறைமுக வரியின் 3. விலக்கு இழக்கும் ஒவ்வொரு தொழிலும் ஒரு காரணத்தோடு வரும், முதல் பொருளுக்கு விலக்கு கொடுத்தால் ஐம்பதாவது வரை கொடுக்க வேண்டியிருக்கும். அது 2ஆகச் சுருங்கினால் விகிதத்தை 10.5 ஆக்குவேன். 200ஐ எட்டாமல் 190இல் நின்ற பரப்பில் அரை சதவீதம் என்பது 0.95.